முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள்: அடிமைத்தளையிலிருந்து மீண்டோரின் தன்வரலாறுகளை வாசிப்பதில் நேரும் தவறுகள்

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றை முதன்முறை வாசித்தபோது முன்னுரையை அப்படியே தள்ளிவிட்டு முதல் அத்தியாயத்தில் இறங்கினேன். யாரோ ஒருவர் யாரையோ பாராட்டுகிறார், நமக்குக் கதைதானே முக்கியம் என்ற நினைப்பு. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து அந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான், நூலின் பாதிப் போராட்டம் அங்கே நடந்திருப்பது தெரிந்தது. இந்த வகை நூல்களை வாசிக்கும் பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

முன்னுரையைப் படிப்பவர்களும் அதை அணிந்துரையாக எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அது இயல்பு. தன்னைத் தானே புகழ்வது தகாது. ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் இவர்களில் ஒருவர் பாயிரம் சொல்ல வேண்டும் என்று நன்னூல் விதித்திருக்கிறது. அந்தப் பழக்கம் நம் கண்ணில் இருக்கிறது. ஆனால் 1845-இல் பாஸ்டனில் வெளியான டக்ளஸின் நூலுக்கு அடிமை ஒழிப்புப் போராளி வில்லியம் லாயிட் கேரிசன் எழுதிய முன்னுரை ஜாமீன் கையெழுத்துக்கு நெருக்கமானது. அன்று அமெரிக்கத் தென் மாநிலங்களின் நீதிமன்றங்களில் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவரின் சாட்சியம் செல்லாது. கேரிசனே தம் முன்னுரையில் இதை எடுத்துச் சொல்கிறார். கூண்டில் ஏற முடியாதவரின் சாட்சியம்தான் அந்த நூல். அதைப் பொய் என்று தள்ளிவிடாதபடி ஒரு வெள்ளையர் பக்கத்தில் நின்று, இவர் சொல்வது உண்மை, எழுதியதும் இவரேதான் என்று உறுதி தருகிறார்.

அந்த உறுதியின் தேவை அடிமை ஒழிப்புச் சங்கத்தினருக்கு அனுபவத்தில் தெரிந்தது. 1838-இல் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்பவர் சொல்லச் சொல்ல, கவிஞர் ஜான் கிரீன்லீஃப் விட்டியர் எழுதிய நூலை அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் வெளியிட்டது. அதில் வரும் பெயர்களும் இடங்களும் பொருந்தவில்லை என்று அலபாமாவின் பத்திரிகை ஒன்று கிளப்பியது. சங்கம் அதே ஆண்டு நூலைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வந்த நூல்களில் சான்றுக் கடிதங்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்கள் இந்தப் பின்னணியை நினைவில் வைக்க வேண்டும்.

டக்ளஸின் நூலில் கேரிசனை அடுத்து, இன்னொரு அடிமை ஒழிப்புப் போராளியான வெண்டல் ஃபிலிப்ஸின் கடிதம் இருக்கிறது. அதையும் விடாதீர்கள். உங்கள் உண்மைப் பெயரையும் பிறந்த ஊரையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதையே முன்பு விரும்பினேன் என்கிறார் ஃபிலிப்ஸ். உங்கள் இடத்தில் நான் இருந்தால் கைப்பிரதியை நெருப்பில் போட்டுவிடுவேன் என்றும் எழுதுகிறார். டக்ளஸ் அப்போது சட்டப்படி மேரிலாந்தில் ஒருவரின் உடைமை. உண்மை என்று நிரூபிக்கப் பெயரையும் ஊரையும் எசமானர்களையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அந்த நெருக்கடி வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாக இல்லை. நூல் வந்த சில மாதங்களில் டக்ளஸ் கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போனார். 1846-இல் அங்கிருந்த நண்பர்கள் பணம் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முன்னுரை எழுதியவர் நல்லவர், போராளி, ஆகவே அவர் வரைந்த படமே சரியான படம் என்று கொள்வது. கேரிசன் தம் முன்னுரையை 1841 ஆகஸ்டில் நான்டக்கெட் தீவில் நடந்த கூட்டத்திலிருந்து தொடங்குகிறார். டக்ளஸ் பேசி முடித்ததும் தாம் எழுந்து என்ன சொன்னார் என்பது அதில் விரிவாக வருகிறது. டக்ளஸோ அதே கூட்டத்தைத் தம் கடைசி அத்தியாயத்தின் இறுதிப் பத்தியில்தான் தொடுகிறார். பேசச் சொல்லித் தூண்டியவர் வேறொருவர் என்கிறார். கேரிசனின் உரை அங்கே இல்லை. நான் இன்னும் என்னை அடிமையாகவே உணர்ந்தேன், வெள்ளையர் முன் பேசுவது என்ற நினைப்பே என்னை அழுத்தியது என்கிறார். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். ஒருவரின் தொடக்கம் இன்னொருவரின் முடிவாக இருக்கிறது.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1855-இல் தம் வாழ்க்கையை விரித்தெழுதியபோது டக்ளஸ் கேரிசனைவிட்டுப் பிரிந்திருந்தார். நீ நிகழ்ச்சிகளை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சங்கத்தில் தமக்குச் சொல்லப்பட்டதை அந்த நூலில் பதிவு செய்கிறார். அதற்கு அறிமுகம் எழுதியவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித். நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்து, கிளாஸ்கோவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற கறுப்பின மருத்துவர். பழைய நண்பர்கள் டக்ளஸைப் பற்றிப் பெருமை கொண்டார்களே தவிர, இனப்பெருமை கண்ணை மறைத்ததால் அவர் அறிவின் உச்சத்தை அவர்களால் அளக்க முடியவில்லை என்று ஸ்மித் தயங்காமல் எழுதுகிறார். முன்னுரை எல்லாமே வெள்ளையர் தந்த சான்றிதழ் என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பவர்கள் இதைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன். அடிமைத்தளையிலிருந்து மீண்டு 1789-இல் லண்டனில் தம் நூலை வெளியிட்ட ஒலாடா ஈக்வியானோவும் யாருடைய முன்னுரைக்கும் காத்திருக்கவில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் நோக்கித் தாமே எழுதினார். முன்பணம் கட்டியவர்களின் பட்டியலைச் சேர்த்தார். அவர் பிறந்த இடத்தைப் பற்றிப் பத்திரிகைகள் சந்தேகம் கிளப்பியபோது, பின்வந்த பதிப்பில் மறுப்பையும் அவரே எழுதினார்.

பெரிய சேதம் விளைவித்த தவறு ஒன்று உண்டு. பதிப்பாசிரியர் பெயரைப் பார்த்ததும், அப்படியானால் எழுதியதே அவர்தான் என்று முடிவு கட்டுவது. ஹேரியட் ஜேக்கப்ஸ் வட கரோலினாவின் ஈடன்டனில், நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கூரையடி இடுக்கில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்து தப்பியவர். பிரபல எழுத்தாளர் லிடியா மரியா சைல்டின் முன்னுரை வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார்கள். கிடைத்தது. 1861-இல் ‘லிண்டா பிரென்ட்’ என்ற புனைபெயரில் நூல் வந்தது. நம்பிக்கைக்காகச் சேர்த்த அந்தப் பெயரே பிற்காலத்தில் அவருக்கு வினையாயிற்று. இது சைல்ட் எழுதிய நாவல் என்றே பலர் நினைத்தார்கள். பெயர் பெற்ற வரலாற்றாசிரியர்களும் நம்பத்தகாதது என ஒதுக்கினார்கள். ஜேக்கப்ஸ் தம் தோழி ஏமி போஸ்டுக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டு ஆய்வாளர் ஜீன் ஃபேகன் யெலின் உண்மையை நிறுவினார். அவருடைய பதிப்பு 1987-இல் வந்தது. நூறாண்டுக்கும் மேலாக ஒரு பெண்ணின் எழுத்து அவருடையதல்ல என்று ஆகிப்போனது. முன்னுரையிலேயே விடை இருந்தது. பெரும்பாலும் சுருக்கவும் வரிசைப்படுத்தவுமே கை வைத்தேன் என்று சைல்ட் சொல்லியிருந்தார். வாசகரே, இது கற்பனையல்ல என்று ஜேக்கப்ஸும் தம் சொந்த முன்னுரையில் எழுதியிருந்தார்.

எல்லா நூலும் அப்படியல்ல. பெர்முடாவில் பிறந்த மேரி பிரின்ஸ் சொல்லச் சொல்ல சூசன்னா ஸ்டிரிக்லேண்ட் எழுதினார். தாமஸ் பிரிங்கிள் செப்பனிட்டு 1831-இல் வெளியிட்டார். கூறியதைக் கூறலையும் பெரிய இலக்கணப் பிழைகளையும் நீக்கியதோடு சரி, மற்றபடி சொற்கள் அவளுடையவையே என்று முன்னுரை சொல்கிறது. அப்படியே நம்பிவிட வேண்டாம். 1833-இல் நீதிமன்றத்தில் நின்றபோது, ஒரு கப்பல் தலைவருடன் தமக்கிருந்த உறவை எழுதியவரிடம் சொல்லியிருந்ததாக பிரின்ஸ் கூறினார். நூலில் அது இல்லை. ‘தாமே எழுதியது’, ‘சொல்லக் கேட்டு எழுதியது’ என்று தலைப்பில் வரும் சிறு தொடர் இங்கேதான் முக்கியமாகிறது.

இவற்றைத் தமிழில் மொழிபெயர்க்க முனைவோருக்கு ஒரு வேண்டுகோள். பக்கம் கூடுகிறது என்று முன்னுரைகளையும் பின்னிணைப்புகளையும் வெட்டாதீர்கள். டக்ளஸ் அவற்றை எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். அவரைப் பழைய நாள்களில் அறிந்த ஏ.சி.சி. தாம்ப்சன் என்பவர், அந்தப் படிக்காத ஆளால் இப்படி ஒரு நூலை எழுதியிருக்கவே முடியாது என்று டெலவேர் பத்திரிகையில் தாக்கினார். 1846-இல் டப்ளினில் வந்த பதிப்புக்கு டக்ளஸ் தாமே முன்னுரை எழுதினார். தாம்ப்சனின் கடிதத்தையும் நூலுக்குள் அச்சிட்டார். கூடவே தம் பதிலையும் வைத்தார்: நான் அங்கே அடிமையாக இருந்ததை உறுதி செய்தமைக்கு நன்றி.