வீட்டு ஃபைபர் இணைப்புக்கு ஒளிக் கணக்கு போடுவது எப்படி?

கண்ணாடி இழையின் உள்ளகத்துக்கு ஒளிவிலகல் எண் சற்று அதிகம், அதைச் சுற்றியுள்ள உறைக்குக் குறைவு. அதனால் ஒளி வெளியேறாமல் உள்ளேயே ஓடுகிறது. கோட்பாடு இப்போதைக்கு இவ்வளவு போதும். களத்தில் கைகொடுப்பது இழப்புக் கணக்குதான். வீட்டுக்கு வரும் ஜிபான் (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை) இணைப்பை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

படி 1: அலகு
டிபிஎம் ஒளியின் பலத்தை அளக்கும், டிபி அதன் இழப்பை. 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 3 டிபி குறைந்தால் ஒளி ஏறக்குறைய பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 1966இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ் கண்ணாடி இழைக்கு வைத்த இலக்கு, கிலோமீட்டருக்கு 20 டிபி இழப்பு. அதாவது ஒரே கிலோமீட்டரில் 99% ஒளி போனாலும் சமாளிக்கலாம்! 1970இல் கார்னிங் என்ற கண்ணாடி நிறுவனம் அதை எட்டியது. இன்று 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் சுமார் 0.2 டிபிதான்.

படி 2: இழப்புகளைக் கூட்டுங்கள்
5 கிலோமீட்டர் இழை, கிலோமீட்டருக்கு 0.3 வீதம்: 1.5 டிபி
32 வழி ஸ்ப்ளிட்டர்: 17
கனெக்டர் நான்கு, தலா 0.5: 2
ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு) ஐந்து, தலா 0.1: 0.5

மொத்தம் 21 டிபி. தூரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஒளியை விழுங்குவதென்னவோ ஸ்ப்ளிட்டர். 32 பேருக்குப் பங்கு பிரித்தால் வேறென்ன ஆகும்?

படி 3: கழியுங்கள்
அனுப்பும் முனையில் +3 டிபிஎம் என்றால், வீட்டில் −18 வரவேண்டும். வீட்டுக் கருவி பி பிளஸ் (ஜிபானில் ஒரு தர வகை) என்றால் −27 வரை படித்துவிடும். ஆக, 9 டிபி கையில் மிச்சம். அதில் 3 டிபியாவது பழுது ஒட்டுக்கும் பழசாவதற்கும் ஒதுக்கி வையுங்கள்.

படி 4: அளந்து பாருங்கள்
பவர் மீட்டரை (ஒளியின் பலத்தை அளக்கும் கருவி) 1490 நானோமீட்டரில் வையுங்கள், வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் அதுதான். இழை முனையை மட்டும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யும்.

மீட்டர் −24 காட்டுகிறதா? அப்போது 6 டிபி எங்கோ போகிறது. முதலில் கனெக்டரைத் துடையுங்கள், பாதிக்கு மேல் தூசிதான் காரணமாக இருக்கும். அப்புறம் கதவிடுக்கிலோ சுவர் மூலையிலோ கேபிள் இறுக்கமாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை கனெக்டரில் நீலத்தைச் செருகியிருந்தாலும் இதே கதைதான்: பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாக இருப்பதால் இரண்டும் சரியாக ஒட்டாது.

சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். −8ஐ விடப் பலமாக ஒளி வந்தால் கருவி திணறும். அப்போது வழியில் ஒரு அட்டென்யுவேட்டர் போட்டுக் குறைக்க வேண்டும்.