மஹிந்திரா எஃப்சி 150: பேரைச் சொல்லி பார்ட்ஸ் தேடாதீர்கள்

கடைக்குப் போய் "எஃப்சி 150க்கு பிரேக் வீல் சிலிண்டர் இருக்குங்ளா அண்ணா?" என்று கேட்டால், "அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சுங்க" என்றுதான் பதில் வரும். பழைய சிலிண்டரைக் கழற்றி, துளை விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள். அதே ஆள் உள்ளே போய்த் தேடிப் பார்ப்பார்.

அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் கொண்டுவந்த பிக்கப் வண்டி இது. வரைந்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். 1960களில் மஹிந்திரா அதை இங்கேயே தயாரித்தது. மூக்கை வெட்டியெடுத்த ஜீப் மாதிரி இருக்கும். டிரைவர் முன் ஆக்சில் மேலேயே உட்கார்ந்திருப்பார். எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு மூடிக்குள் இருக்கும்.

பழைய எஃப்சி ஒன்றை வாங்கிச் சரிசெய்ய நினைத்தால், வாங்கும்போதே ஆர்சியிலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மாட்டாடோர் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றியிருப்பார்கள். ஓட்டுவதற்கு அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் 50 வயது தாண்டிய வண்டிகளுக்கான 'விஏ' நம்பர் பிளேட் வேண்டுமென்றால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, வண்டியும் சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும். 2021இல் வந்த விதி இது. அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். அந்தப் பதிவை வாங்கிவிட்டால் வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, அவ்வளவுதான்.

சரி, பார்ட்ஸ். ஒரு நோட்டில் இரண்டு பட்டியல் போடுங்கள். முதலாவது, ஜீப்போடு பொதுவானவை: 134 கன அங்குல ஹரிக்கேன் எஞ்சின், மூன்று கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி). பழைய சிஜே 3பி ஜீப்பிலும் இதே எஞ்சின்தான். அதனால் பிஸ்டன், ரிங், வாட்டர் பம்ப், கார்புரேட்டர் எல்லாம் "பெட்ரோல் ஜீப்" என்று கேட்டாலே கிடைக்கும். சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், டெல்லி மாயாபுரி, ஹரியானாவின் டப்வாலி என்று தேட இடங்கள் உண்டு. டப்வாலியில் ஜீப் வேலையே ஒரு தொழில்.

பேரிங்குக்கு வண்டி எதுவென்றே சொல்ல வேண்டாம். கிரீஸைத் துடைத்துவிட்டு ரேஸ் என்கிற வளையத்தின் ஓரத்தைப் பார்த்தால் எண் பொறித்திருக்கும். அதைச் சொன்னால் போதும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். ஷாஃப்ட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும் என்பதால் அதன்மேல் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போட்டுவிட்டு அளவெடுங்கள். கண்ணாடி பீடிங் ரப்பரில் விரல் நீளம் வெட்டி எடுத்துப்போய் அதன் குறுக்குவெட்டைக் காட்டுங்கள். போட்டோவை நம்பி ரப்பர் வாங்காதீர்கள்.

இரண்டாவது பட்டியல்தான் தலைவலி. கேபின், கதவு, முன் கண்ணாடி, கிளட்ச் மற்றும் ஸ்டீயரிங் இணைப்புகள் எஃப்சிக்கு மட்டுமே உரியவை. விரிசல் விட்ட கண்ணாடியையும் வீசாதீர்கள், அதை வைத்துத்தான் அட்டையில் அச்சு எடுக்க வேண்டும். முறிந்த பிராக்கெட், லிங்க் எதுவானாலும் இரு துண்டையும் சேர்த்து லேத்துக்காரரிடம் கொடுங்கள். கோவைக்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம்: பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) செய்து ஒற்றை உருப்படி வார்த்துக்கொடுக்கும் ஃபவுண்டரி இங்கே கிடைக்கும். அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது சின்ன பாகங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். கதவு வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்க வரியும் கதவு விலையை மிஞ்சிவிடும்.

எஞ்சின் வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதில் இன்லெட் வால்வு ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி இன்லெட்டுக்கு 18 தௌ, எக்ஸாஸ்டுக்கு 16 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பக்கவாட்டு மூடிக்குள் கைவிட்டு எக்ஸாஸ்டைச் சரிசெய்வது கேபினுக்குள் பெரிய அவஸ்தை. எஞ்சினை ஏற்றும் முன்பே ஸ்டாண்டில் வைத்து முடித்துவிடுங்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதில் ஊறி இளகிவிடும். எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருப்பதால் கசிவு என்பது வெறும் நாற்றத்தோடு நிற்காது.

தகடு வேலை முடிந்த பிறகே பெயின்ட். துருவின்மேல் பட்டி பூசித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள். பளபள மெட்டாலிக் கலர் இந்த வண்டிக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒரு வேலை. எடை முழுக்க முன்னால் இருப்பதால் வெறும் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் பிடிப்பு இழந்து இழுக்கும். பின் ஆக்சிலுக்கு மேலே நாலு மணல் மூட்டையைக் கட்டிப்போட்டு, ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.