கத்தாளைத் தலைக் கல்லை உடையாமல் எடுத்தது

குழம்பில் பல்லில் கடிபடுமே, கத்தாளை மீனின் அந்தக் காதுக்கற்களை முழுசாக எடுக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் செவுள் மூடிக்குள் தேடினேன், ஒன்றும் இல்லை. மறுநாள் அரிவாள்மனையில் தலையைப் பிளந்ததில் ஒரு கல் இரண்டானது. மற்றதைக் கவிச்சி போகப் புளித்தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாக இருந்தது. கல் முழுக்கச் சுண்ணாம்பு, புளிப்பு அரித்துவிட்டது.

அப்புறம் வேறொரு கத்தாளைத் தலையில்தான் வழி பிடிபட்டது. செவுளைப் பிய்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்தால், மண்டையோட்டின் அடியில், முதுகெலும்பு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், இரு பக்கமும் மெல்லிய எலும்பு புடைத்திருக்கும். அதைக் கத்தி முனையால் நெம்பினேன். கல் வெள்ளையாகத் தெரிந்தது. ஜவ்வை விரலால் உரித்து, வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்தேன். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கரடுமுரடு. இரண்டும் இப்போது தீப்பெட்டிக்குள், பஞ்சின் மேல்.