அணு அறிவியல் பார்வையாளர் மையத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் சுற்றுக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்த வேலை கிடைத்ததும் பலரும் முதலில் செய்வது, இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் உள்ளே வருபவர்களின் மனதில் இருக்கிற கேள்வி வேறு. "இங்கே நிற்பதால் எனக்கோ என் பிள்ளைக்கோ ஏதாவது ஆகுமா" என்பதுதான் அது, அதை வாய்விட்டுக் கேட்பவர்கள் ஒன்றிரண்டு பேர், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்பார்கள். அவர்களிடம் "பயப்படாதீர்கள்" என்று சொல்லாதீர்கள். அளந்து காட்டுங்கள். அதற்குத் தேவையானதை நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: மூன்று சொற்களைக் கலக்காமல் பேசப் பழகுங்கள்

கதிரியக்கப் பொருள், கதிர்வீச்சு, கதிரியக்க மாசு. இந்த மூன்றையும் "ரேடியேஷன்" என்ற ஒரே சொல்லில் போட்டு அடைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நான் சொல்வது இப்படி: தணல் இருக்கிறது, அது கதிரியக்கப் பொருள். அதிலிருந்து முகத்தில் படுகிற சூடு கதிர்வீச்சு, எழுந்து தள்ளிப் போனால் சூடு நின்றுவிடும். ஆனால் தணலிலிருந்து ஒரு பொறி தெறித்துத் துணியில் ஒட்டிக்கொண்டால் நீங்கள் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே வரும், அதுதான் மாசு.

இதில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், ஒருமுறை சுற்று முடிந்த பிறகு ஓர் அம்மா தனியாக வந்து நின்றார். கணவருக்குப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர்ச் சிகிச்சை கொடுக்கிறார்களாம், வீட்டில் பேரக்குழந்தையை அவர் பக்கத்திலேயே விடுவதில்லையாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும், அவர் உடம்பில் எதுவும் ஒட்டியிருக்காது, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் கதிரியக்கம் உள்ளவராக ஆகிவிடாதது போலத்தான் என்று சொன்னேன். கதிரியக்க அயோடின் போன்ற மருந்தை உள்ளே கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு, அப்போது சில நாட்களுக்குத் தள்ளியிருக்க மருத்துவமனையே சொல்லி அனுப்பும், எதற்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். இந்த மூன்று சொற்களுக்கு அவ்வளவு கனம் உண்டு.

"கிரிட்டிகல்" என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். மருத்துவமனையில் கிரிட்டிகல் என்றால் உறவுக்கூட்டமே ஓடி வரும். அணு உலையில் அதே சொல்லுக்கு, ஓர் அணுப்பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினை ஏறாமல் இறங்காமல் சீராக ஓடுகிறது என்று பொருள். நீங்கள் விளக்காமல் விட்டால் கேட்பவர் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்.

படி 2: ஒரு சின்ன அட்டையில் எண்களை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்

இயற்கையிலிருந்தே ஒருவருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு, உலக சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மார்பு எக்ஸ்ரே ஒன்று 0.1 அல்லது அதற்கும் குறைவு. வயிற்றுக்கு எடுக்கும் சிடி ஸ்கேன் 10-ஐ ஒட்டி வரும். கதிர்வீச்சு சார்ந்த வேலை செய்பவர்களுக்குச் சர்வதேசப் பரிந்துரை ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. இந்த நான்கு போதும்.

புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் அலகு. கருவி மணிக்கு மைக்ரோசீவர்ட்டில் காட்டும், அட்டையில் இருப்பது ஆண்டுக்கு மில்லிசீவர்ட். கருவியில் 0.12 என்று காட்டினால் ஓர் ஆண்டின் 8760 மணி நேரத்தால் பெருக்குங்கள், சுமார் 1050 மைக்ரோ, அதாவது கிட்டத்தட்ட 1 மில்லிசீவர்ட். "2.4 என்று சொன்னீர்களே, மீதி எங்கே?" என்று யாராவது கேட்டால் சந்தோஷப்படுங்கள், அவர் உண்மையாகவே கவனித்திருக்கிறார். மீதியில் பெரும்பங்கு மண்ணிலிருந்து கசிந்து மூச்சோடு உள்ளே போகும் ரேடான் வாயு, அதைக் கையில் பிடிக்கும் கருவி காட்டாது.

படி 3: கெய்கர் கருவியை முதலில் வெறும் காற்றில் போடுங்கள்

கெய்கர் கருவி கதிர்வீச்சை ஒவ்வொரு டிக்காக எண்ணிக் காட்டுவது. எடுத்த எடுப்பிலேயே அதை மூலப்பொருள் (காட்டுவதற்காக வைத்திருக்கும் கதிரியக்கப் பொருள்) பக்கத்தில் கொண்டுபோனால் படபடவென்று சத்தம் வரும், கூட்டம் பின்வாங்கும், அதன் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அந்தச் சத்தம்தான் அவர்கள் காதில் இருக்கும். அதனால் மூலப்பொருளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் கருவியைப் போட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். டிக். டிக் டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டிக். ஒரு முழு நிமிடம். யாராவது கட்டாயம் கேட்பார்கள், "இப்போது எதை அளக்கிறீர்கள்?" நிலத்திலிருந்து, சுவரிலிருந்து, வானத்திலிருந்து வருவதை என்று அப்போது சொல்லுங்கள், நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியம்-40-உம் ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கில் சிதைந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சிறுவனையோ சிறுமியையோ கூப்பிட்டு நிமிட எண்ணிக்கையைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை 25 வரும், அடுத்தது 19, அதற்கடுத்தது 30. கருவி கெட்டுப்போகவில்லை, எந்த அணு எப்போது சிதையும் என்பதற்கு நேரம் காலம் கிடையாது, மொத்தத்துக்குத்தான் கணக்கு உண்டு.

இதற்குப் பிறகுதான் மூலப்பொருள். முத்திரையிட்ட சீசியம்-137 வில்லை என்றால் 10 செ.மீ. தூரத்தில் ஒருமுறை, 20 செ.மீ. தூரத்தில் ஒருமுறை எண்ணி, இரண்டிலும் பின்னணி எண்ணிக்கையை, அதாவது முன்பு வெறும் காற்றில் வந்ததைக் கழியுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் எண்ணிக்கை ஏறக்குறைய கால் பங்காகிவிடும். இதை அவர்களே கழித்துப் பார்க்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு விடையைச் சொல்லாதீர்கள். ஆல்பா, பீட்டா, காமா என்பவை கதிர்வீச்சின் வகைகள், ஒவ்வொன்றையும் தடுக்க வேறு வேறு பொருள் வேண்டும்: ஆல்பா மூலம் இருந்தால் ஒரு தாளை நடுவில் வையுங்கள், பீட்டாவுக்குச் சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, காமாவுக்கு ஈயம். வில்லையை எப்போதும் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பார்வையாளர் கையில் கொடுக்கவே கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

படி 4: முகில் அறை

கதிர்த் துகள்கள் போகிற வழி மூடுபனியில் கோடாகத் தெரியும் பெட்டி இது. கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்க்கிற இடம் மையத்திலேயே இது ஒன்றுதான். குழுவை அவசரப்படுத்தாமல் நிற்க விடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறிய பஞ்சு மேலே, உலர்பனியின் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மேல் வைத்த கறுப்புத் தகடு கீழே. உலர்பனி மைனஸ் 78 டிகிரி, சாதாரணக் கையுறை போதாது, தடித்த கையுறை வேண்டும், அறையில் காற்றோட்டமும் வேண்டும். ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. ஆவி படிந்து தகட்டின் மேல் மெல்லிய மூடுபனி வரப் பத்து நிமிடமாவது ஆகும், அதனால் குழு வருவதற்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள், மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது.

குட்டையாகத் தடித்த கோடு ஆல்பா. நூல் மாதிரி வளைந்து நெளிந்து போவது எலெக்ட்ரான். எங்கிருந்தோ வந்து நேர்கோடாகத் தகட்டைக் கடந்து போவது பெரும்பாலும் மியுவான் என்ற நுண்துகள், வளிமண்டலத்தின் உயரத்தில் பிறந்து கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இறங்குவது. இதைச் சொன்னதும் குழந்தைகள் தங்கள் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எதுவும் பேசாதீர்கள்.

படி 5: உலை மாதிரி

இங்கே நீட்டி முழக்க வேண்டாம். உலை என்ற சொல்லே பாதியைச் சொல்லிவிடும்: தண்ணீர் கொதிக்க வேண்டும், ஆவி சுழலியைச் சுற்ற வேண்டும், விறகுக்குப் பதில் யுரேனியம். ஒரு நியூட்ரான் யுரேனியம்-235 அணுக்கருவைப் பிளக்கும், இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியே வரும், அவற்றில் ஒன்றை மட்டும் அடுத்த பிளவுக்கு விட்டு வைத்தால் சீரான ஓட்டம். குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் வெள்ளைப் படலத்தைப் புகை என்று நினைப்பார்கள், அது நீராவி குளிர்ந்த துளிகள் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

படி 6: கனமான கேள்விகள்

"அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?" பெரும்பாலான மின் உலைகளின் எரிபொருளில் யுரேனியம்-235 வெறும் 3 முதல் 5 சதவீதம், குண்டுக்கு 90 சதவீதத்தை ஒட்டி வேண்டும், அதனால் அப்படி வெடிக்காது. ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபிலில் உலையின் ஆற்றல் கட்டுமீறி ஏறி, நீராவி அழுத்தம் உலையையே பிளந்தது. கடும் கதிர்வீச்சால் அந்த ஆண்டிலேயே ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களுமாக 28 பேர் இறந்தார்கள், அயோடின்-131 கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் பெருகியது. 2011 மார்ச் 11-இல் ஃபுகுஷிமாவில் சுனாமி வந்து மின்சாரம் போனது, குளிர்விக்க வழியில்லாமல் எரிபொருள் உருகியது, வெடித்தது ஹைட்ரஜன் வாயு. இதையெல்லாம் கேட்டால்தான் சொல்வது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்களே தொடங்குங்கள். மறைக்கிறோம் என்ற எண்ணம் ஒருவர் மனதில் விழுந்துவிட்டால் நீங்கள் காட்டிய அளவீடும் அவருக்குப் பொய்யாகிவிடும்.

கழிவைப் பற்றிக் கேட்டால், பயன்படுத்திய எரிபொருள் முதலில் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில், அப்புறம் பல இடங்களில் உலர் கலன்களில் இருக்கிறது, ஃபின்லாந்து ஓங்கலோவில் 400 மீட்டருக்கும் கீழே பாறைக்குள் புதைக்கக் குடைந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கதிரியக்கம் பாதி பாதியாகக் குறையும் காலக்கணக்குப் புரிய நூறு நாணயங்களைக் குலுக்கிப் போட்டுத் தலை விழுந்தவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். 50, 25, 12 என்று கிட்டத்தட்ட பாதி பாதியாகக் குறையும். அயோடின்-131-க்கு ஒரு குலுக்கல் 8 நாள், சீசியம்-137-க்கு 30 ஆண்டு, புளுட்டோனியம்-239-க்கு 24,000 ஆண்டு. ஒரே விளையாட்டு, குலுக்கலுக்கான காலம்தான் மாறுகிறது.

அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் கருத்தைக் கேட்பார்கள். சொல்லாதீர்கள், தீர்ப்பு அவர்களுடையது. காவல் ஏற்பாடு, எந்த அறையில் என்ன இருக்கிறது போன்றவற்றுக்குச் சிரித்த முகத்தோடு "அதைச் சொல்ல அனுமதியில்லை" என்பது போதும்.

படி 7: சுற்று முடிந்ததும்

வில்லைகளை எண்ணிப் பெட்டியில் வைத்து, பூட்டி, பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். மிச்சமிருக்கும் உலர்பனியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம், வாயு பெருகி மூடி தெறிக்கும். விடை தெரியாமல் விட்ட கேள்வியை அன்றே நோட்டில் எழுதி, யார் கேட்டது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கருவியை ஒரு நிமிடம் வெறும் காற்றில் ஓடவிடுங்கள். காலையில் பலகையில் எழுதிய பின்னணி எண்ணிக்கையை ஒட்டி வந்தால் கருவியை அணைத்துவிட்டுக் கிளம்பலாம். வராவிட்டால் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை அறையை விட்டு நகராதீர்கள்.