இக்கால அரச குடும்பத்தைப் பற்றி இளையோர் நாவல் தொடர் எழுதுவது எப்படி

அரண்மனையில் வளரும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை நாயகியாக வைத்துத் தொடர் எழுத விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மாளிகை, விருந்து, உடை, ரகசியக் காதல் ஆகிய நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். முதல் நூலுக்கு அவை போதும். இரண்டாம் நூலின் நடுவில் அந்தச் சரக்கு தீர்ந்துவிடும்; பிறகு கடத்தலையும் நஞ்சையும் இரட்டைப் பிறவிகளையும் தேடிப் போக வேண்டியிருக்கும். இன்றைய அரச குடும்பத்துப் பிள்ளை, எழுதிவைக்கப்பட்ட விதிகள் கொண்ட ஒரு பதவிக்குள் பிறக்கிறாள். எந்த வயதில் எந்த உரிமை வரும், யாரை மணக்க யார் அனுமதிக்க வேண்டும், கைச்செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பவை எல்லாம் அவளைக் கேட்காமலே முடிவானவை. தொடரை நான்கைந்து நூல்கள் வரை தாங்கி நிறுத்துவது அந்த விதிகள்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கதாபாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன், உங்கள் கற்பனை நாட்டின் அரசுரிமைச் சட்டத்தை ஒரு குறிப்பேட்டில் நான்கு பக்கங்களுக்குக் குறையாமல் எழுதுங்கள்.

முதல் பக்கம் வாரிசு வரிசைக்கு உரியது. மூத்த பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் அரியணை ஏறுமா, தம்பி பிறந்தால் அக்கா பின்னுக்குப் போவாளா, பெண்ணுக்கு உரிமையே கிடையாதா என்ற மூன்று வழிகளும் இன்றும் நடப்பில் உள்ளன. ஸ்பெயினில் மகன் பிறந்தால் அவனுக்கே முன்னுரிமை; ஜப்பானில் ஆண்களுக்கு மட்டுமே அரியணை. சுவீடன் 1980இல் மூத்த பிள்ளைக்கே உரிமை என்று சட்டத்தை மாற்றியபோது, 1979 மே மாதம் பிறந்து ஏழு மாதங்கள் பட்டத்து இளவரசராக இருந்த கார்ல் பிலிப் அந்த இடத்தை இழந்தார். இரண்டு வயது அக்கா விக்டோரியா பட்டத்து இளவரசியானார். நார்வே 1990இல் அதே மாற்றத்தைச் செய்தது. ஆனால் அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஆண் முன்னுரிமையை விட்டுவைத்ததால், 1971இல் பிறந்த மார்த்தா லூயிஸைத் தாண்டி 1973இல் பிறந்த தம்பி ஹோகோன் வாரிசாகவே நீடித்தார். இரண்டு நாடுகளும் கொண்டுவந்தது ஒரே நீதியைத்தான். ஒரு வீட்டில் தம்பி இழந்தான், மறுவீட்டில் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. வேறுபாட்டைத் தீர்மானித்தது, சட்டம் யாருக்கு எந்த நாளிலிருந்து பொருந்தும் என்ற ஒற்றை வரி. பிரிட்டன் 2013இல் இயற்றிய சட்டமும், 2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களுக்கே பொருந்தும் என்று கோடு கிழித்தது. உங்கள் நாட்டிலும் அப்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அதை இரு உடன்பிறப்புகளின் பிறந்தநாள்களுக்கு நடுவில் வையுங்கள். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் உண்மையாக நேசிக்கட்டும். வில்லன் யாரும் தேவைப்படாத ஒரு முழு நாவல் அங்கே கிடைத்துவிடும்.

இரண்டாம் பக்கத்தில், அரசருக்கு எதைச் செய்யும் அதிகாரம் இல்லை என்று எழுதுங்கள். இளம் வாசகர்கள் அரசர் கட்டளையிட்டால் நடக்கும் என்று எண்ணி வருகிறார்கள்; அரசரால் மறுக்க முடியுமா என்ற கேள்வியே அவர்களுக்குப் புதிது. 1990இல் பெல்ஜிய நாடாளுமன்றம் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தை நிறைவேற்றியபோது, மன்னர் போதுவான் தம் மனச்சாட்சியைக் காட்டிக் கையெழுத்திட மறுத்தார். ஏப்ரல் 4 அன்று அவர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருப்பதாக அமைச்சரவை அறிவித்து, அமைச்சர்களே கையொப்பமிட்டுச் சட்டத்தை வெளியிட்டனர். மறுநாள் நாடாளுமன்றம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. லக்சம்பர்க்கில் 2008இல் கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தரப் போவதில்லை என்று அந்நாட்டின் அரசரான பெருங்கோமகன் ஹென்றி சொன்னதும், அவருடைய ஒப்புதலே தேவையில்லாதபடி அரசியலமைப்பைத் திருத்திவிட்டார்கள். லீக்டன்ஸ்டைனில் மட்டும், அங்கே அரசராக ஆளும் இளவரசரின் தடுப்பதிகாரத்தைப் பறிக்க வேண்டாம் என்று 2012இல் மக்களே வாக்களித்தனர். தந்தை கையெழுத்திட மறுக்கும் சட்டத்தை மகள் சரியென்று நம்பினால், இரவு உணவு மேசையில் என்ன பேச்சு நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் பொருள் உங்கள் வாசகரின் வயதுக்கு நெருக்கமானதாக இருப்பது நல்லது: வாக்களிக்கும் வயது, கட்டாய ராணுவப் பயிற்சி, ஏரியை மூடிக் கட்டப்படும் அணை போன்றவை.

மூன்றாம் பக்கம் பணம். இதை எழுதப் பலர் கூசுகிறார்கள். நாயகியின் வெட்கம், கோபம், சுயமரியாதை ஆகிய மூன்றும் பிறக்கும் இடம் இதுதான் என்பதால் நான் இதற்கு அதிகப் பக்கங்கள் ஒதுக்கச் சொல்வேன். நெதர்லாந்தின் பட்டத்து இளவரசி அமாலியா 2021இல், பதினெட்டு வயது நிறையும் முன்பே, தமக்கு உரிமையாக வரவிருந்த ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூரோ மானியத்தைப் படிப்புக் காலத்தில் ஏற்க விரும்பவில்லை என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பதிலுக்குத் தாம் எதுவும் செய்யாதபோதும், பிற மாணவர்கள் பெருந்தொற்றுக் காலத்தில் அல்லல்படும்போதும் அதைப் பெறுவது சங்கடமாக இருப்பதாக அதில் சொன்னார். அடுத்த ஆண்டே பாதுகாப்பு அச்சுறுத்தல் காரணமாக ஆம்ஸ்டர்டாமில் மாணவர்களோடு தங்கியிருந்த வீட்டை விட்டு அரண்மனைக்குத் திரும்ப நேர்ந்தது. மானியத்தை வேண்டாம் என்று எழுதிவிட முடிகிறது, பாதுகாவலர்களை வேண்டாம் என்று எழுத முடிவதில்லை. உங்கள் நாயகி எதை மறுக்கலாம், எதை மறுக்கவே முடியாது என்று இரண்டு நிரல்களாகப் பிரித்து எழுதிக்கொண்டால், அவள் தனிமையில் அழும் காட்சிகளுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

நான்காம் பக்கம், குடும்பம் எங்கே முடிகிறது என்பதைப் பற்றியது. 2019இல் சுவீடன் மன்னர் தம் பேரப்பிள்ளைகள் ஐவரை 'அரச இல்லம்' எனப்படும் அதிகாரபூர்வக் குடும்ப வட்டத்திலிருந்து விலக்கினார். டென்மார்க்கில் இளவரசர் யோவாகிமின் நான்கு பிள்ளைகள் 2023 ஜனவரி 1 முதல் இளவரசர், இளவரசி என்ற பட்டங்களை இழந்தனர். ஜப்பானில் 2021இல் சாதாரணக் குடிமகனை மணந்த இளவரசி மாகோ, சட்டப்படி அரச குடும்பத்தை விட்டு வெளியேறினார். பொறாமைக்காரச் சித்தப்பாவைக் காட்டிலும், நேற்றுவரை இளவரசனாக இருந்து இன்று காலை சாதாரணப் பெயரோடு பள்ளிக்குப் போகும் சித்தப்பா மகன் எவ்வளவோ வலுவான பாத்திரம். அவனுக்கு அது இழப்பா விடுதலையா என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அவனுக்கே அது மூன்றாம் நூலில்தான் தெரிய வேண்டும்.

இந்த நான்கு பக்கங்களும் முடிந்தபின் நாயகியின் வயதுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு வயதிலும் திறக்கும் கதவு எது என்று குறியுங்கள். ஸ்பெயினின் வாரிசு இளவரசி லியோனோர் வேல்ஸில் உள்ள விடுதிப் பள்ளியில் படிப்பை முடித்து, 2023 ஆகஸ்டில் சரகோசா ராணுவக் கல்விக்கழகத்தில் சேர்ந்து, அந்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, தம் பதினெட்டாம் பிறந்தநாளன்று, நாடாளுமன்றத்தில் அரசியலமைப்பின் மீது உறுதிமொழி ஏற்றார். விடுதி, சீருடை, உறுதிமொழி: ஒவ்வொன்றும் ஒரு நூலின் முதுகெலும்பாகக்கூடியது. ஒரு நூலுக்கு ஒரு கதவு போதும். இரண்டு கதவுகளை ஒரே நூலில் திறந்த என் முதல் வரைவில், உறுதிமொழிக் காட்சி வருவதற்குள் வாசகருக்குக் களைப்பு வந்துவிட்டது. பாதி நூலை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

காதலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, சட்டத்தோடு கட்டிவிட்டால் அது தானே நகரும். நெதர்லாந்தின் இளவரசர் பிரிசோ 2004இல் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் மணந்து வாரிசு வரிசையிலிருந்து நீங்கினார். நார்வேயின் அன்றைய பட்டத்து இளவரசர் ஹரால்டு, அரச குடும்பத்தைச் சேராத சோன்யாவை மணப்பதற்கு 1968 வரை ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். காத்திருப்பதற்கும் விட்டுவிலகுவதற்கும் இடையில் மூன்றாவது வழி ஏதேனும் உங்கள் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாட்டைச் சிறியதாக வைத்துக்கொள்வதும் உதவும். லீக்டன்ஸ்டைனின் பரப்பு 160 சதுர கிலோமீட்டர்தான். அந்த அளவில் பிரதமரின் மகளும் பட்டத்து இளவரசியும் ஒரே வகுப்பில் படிப்பது இயல்பாகிவிடும். உயிரோடிருக்கும் அரச குடும்பத்துப் பிள்ளைகளைப் பெயர் மாற்றிக் கதைக்குள் கொண்டுவருவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது சட்டத்தின் அமைப்பை. அவர்களுடைய வாழ்க்கையை அன்று.

தமிழில் எழுதுகிறவருக்கு வேறு எவருக்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு, அதுவே பெரிய வாய்ப்பும்கூட. அரசர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் காதில் வரலாற்று நாவல்களின் நடை ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. கைபேசி வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்துத் தோழி 'தேவி' என்றோ, செயலாளர் 'மன்னா' என்றோ அழைத்தால் கதை அங்கேயே எண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அறிவிப்புகளிலும் விழாக்களிலும் 'மாட்சிமை தங்கிய', 'மேன்மை தங்கிய' என்ற தொடர்கள் வரட்டும். அலுவலர்கள் நேரில் பேசும்போது 'இளவரசி' என்பதே போதுமானது. அதற்கு மேல் வேலை செய்ய வேண்டியவை நீ, நீங்கள் என்ற இரண்டு சொற்கள். ஐந்து வயதில் அவளை நீ என்று அழைத்து ஷூ மாட்டிவிட்ட பாதுகாவலர், அவள் பட்டத்து இளவரசியாக அறிவிக்கப்பட்ட காலையில் நீங்கள் என்கிறார். ஒரு பத்தி விளக்கமும் வேண்டாம். அவளுடைய குழந்தைப்பருவம் முடிந்ததை வாசகர் அந்த ஒரு சொல்லில் உணர்ந்துவிடுவார். வகுப்பில் புதிதாகச் சேரும் மாணவன் அவள் யாரென்று தெரியாமல் நீ என்று பேசி, தெரிந்த பிறகு தடுமாறி நீங்கள் என்று மாறி, சண்டையிடும்போது மறுபடி நீ என்று விழுவது காதல் கதையின் முழு வளைவையும் சுமக்கக்கூடியது. குறிப்பேட்டில் ஒவ்வொரு பாத்திரமும் அவளை எப்படி அழைக்கிறது, எந்த அத்தியாயத்தில் அது மாறுகிறது என்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இந்த மாற்றங்களைத் தற்செயலாக நிகழ விட்டால், தொடரின் மிக நுண்ணிய கருவி வீணாகிவிடும்.

கடைசி நூலில் முடிசூட வேண்டுமென்றால் தந்தையோ தாயோ இறந்தாக வேண்டும் என்பது இல்லை. நெதர்லாந்தில் வில்ஹெல்மினா 1948இலும், யூலியானா 1980இலும், பியட்ரிக்ஸ் 2013இலும் உயிரோடிருக்கும்போதே முடிதுறந்தனர். ஸ்பெயினில் 2014இலும் டென்மார்க்கில் 2024இலும் அதுவே நடந்தது. பூட்டானின் அரசியலமைப்பு, அறுபத்தைந்து வயதில் அரசர் ஓய்வுபெற வேண்டும் என்றே விதிக்கிறது. நெதர்லாந்தில் 2013 ஏப்ரல் 30 அன்று, பியட்ரிக்ஸ் முடிதுறப்பு ஆவணத்தில் கையொப்பமிட்டதும் அவருடைய மகன் மன்னரானார். ஒரு மேசை, சில தாள்கள், ஒரு பேனா. உங்கள் நாட்டிலும் அப்படி ஓர் அறையை அமைத்து, தாய் கையொப்பமிட்டுப் பேனாவை மகளிடம் நீட்டும் கணத்தை எக்காளம் ஏதுமின்றி எழுதுங்கள். இதுவரை மகளை நீ என்றே அழைத்துவந்த தாய், பேனாவைக் கொடுக்கும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாள் என்பதை முதல் நூலின் முதல் அதிகாரத்தைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.