வான்வெளிப் பொறியியலுக்குத் துணையாக எதைப் படிக்கலாம்?

காரைக்குடிப் பக்கம் பிளஸ் டூ முடித்து வான்வெளிப் பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, விமானத்தின் எந்தப் பகுதி உங்கள் மனத்தை இழுக்கிறது என்பதைத்தான். துணைப்பாடம் அந்த விடையிலிருந்தே பிறக்க வேண்டும். பறப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளில் ஆர்வம் இருந்தால் மின்னணுவியலையும், காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிட விரும்பினால் கணிதத்தையும் நிரலாக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது, உலோகம், இழை போன்ற பொருள்களின் தன்மையை ஆராயும் பொருளறிவியல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது அதுவே என்பது என் உறுதியான எண்ணம். கார்பன் இழைக் கலப்புப் பொருளால் ஆன தகடும் அலுமினியச் சட்டமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, இடையில் ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் மின்வேதி முறையில் அரிக்கப்படும். அதைத் தடுக்கவே இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழை அடுக்கு ஒன்றை வைக்கிறார்கள். இத்தகைய அரிமானத்தையும் மின்கலங்களையும் ஆராய்கிற, சிக்ரி என்று நாம் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்கி வருகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஆம் ஆண்டு விதிமுறையில், 18 கிரெடிட் (பாட மதிப்பு அலகு) கூடுதலாகப் படித்து, முதன்மைப் பட்டத்தோடு துணைப்பாடத்துக்கான மைனர் பட்டமும் பெற வழியிருந்தது. எல்லாக் கல்லூரிகளிலும் எல்லா மைனரும் நடப்பதில்லை என்பதால், கவுன்சலிங்கில் கல்லூரியைத் தேர்வதற்கு முன்பே நேரில் கேட்டறியுங்கள்.

ஊரிலேயே தங்கிப் படிக்க நேர்ந்தாலும் வருந்த வேண்டாம்: 1952 இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் முடித்து, முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் வான்வெளிப் பொறியியல் தாளை எழுதி, சென்னை ஐஐடியில் எம்.டெக். படிப்பாக அதையே எடுக்க முயலலாம்.