ஒடியல் கூழ்: பானையோடு கொட்ட வைக்கும் பிழைகள்

கூழ் காய்ச்சத் தெரியாது என்று இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கியதும் முற்றத்தில் மூன்று கல்லை வைத்துப் பெரிய பானையை ஏற்றிவிடுவார்கள். நான் கலியாணம் கட்டி வந்த புதிதில் மாமியாரிடம் ஏச்சு வாங்கிய அதே பிழைகளை இப்போது என் மருமக்களும் பெறாமக்களும் ஒன்று விடாமல் செய்கிறார்கள். உப்புக் கூடியது, உறைப்புக் கூடியது எல்லாம் நாக்கே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் இனிப்புக் கூழும் இதில் இல்லை. மீனும் நண்டும் இறாலும் போட்டு, எட்டுப் பத்துப் பேர் சுற்றியிருந்து குடிக்கும், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழைப் பற்றித்தான் பேச்சு.

புழுக்கொடியல் மா வாங்கி வருவது

அது அவித்துக் காயவிட்ட பனங்கிழங்கின் மா. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்துச் சாப்பிடுங்கள். கூழுக்கு வேண்டாம்.

மாவை ஊறவிடாமல் கரைத்து ஊற்றுவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பனங்கிழங்கைப் பச்சையாகவே இரண்டாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். நெருப்பே காணாத கிழங்கு என்பதால் அதன் கைப்பும் காறலும் அப்படியே மாவுக்குள் கிடக்கும். கொதிக்கக் கொதிக்க அது போய்விடும் என்று நினைப்பவர்கள்தான் கூட. போகாது. தண்ணீரில் ஊறி, அந்தத் தண்ணீரோடு வெளியே போனால்தான் உண்டு. பானைக்குள் போய்விட்டால் அதற்கு வெளியேற வழியே இல்லை. மீன் தலை, நண்டுக்கால், பயற்றங்காய் எல்லாவற்றிலும் ஊறிப் பிடித்துவிடும்.

முள்ளியவளையில் இருக்கும் என் பெறாமகன் ஒருத்தன், கனடாவிலிருந்து வந்த சிநேகிதர்களுக்குக் கூழ் காய்ச்ச வெளிக்கிட்டான். விடியவே முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வலையிலிருந்து கழற்றிய நண்டு, நந்திக்கடல் இறால், கணவாய், நல்ல பெரிய மீன் தலை என்று கை நிறையக் காசைக் கொடுத்து வாங்கி வந்தான். செத்தல் மிளகாயை அம்மியில்தான் அரைக்க வேண்டும் என்று அடம்பிடித்து அரைத்தான். எல்லாம் ஒழுங்கு. மா மட்டும் கடையில் பொதியாக வாங்கியது. பொதியில் வந்த மா சுத்தம்தானே என்று பழப்புளியோடு கரைத்து நேரே ஊற்றிவிட்டான்.

பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது.

"பெரியம்மா, கூழ் கைக்குது. இன்னும் கொஞ்சம் கொதிச்சால் போயிடும்தானே?"

"மாவை எவ்வளவு நேரம் ஊறவிட்டனி தம்பி?"

"ஊற... விடோணுமோ?"

நான் போய்ச் சேர்வதற்குள் சீனி போட்டிருந்தான். அதற்கு மேலே புளி. அதற்கும் மேலே தேங்காய்ப்பால். ஒரு அகப்பை எடுத்து வாயில் வைத்தேன். இனிப்பு, புளிப்பு, உறைப்பு எல்லாம் வந்து போன பிறகு தொண்டையில் காறல் மட்டும் நின்றது. பானை முழுவதும் வேலிக்கரையில் கிடங்கு வெட்டிப் புதைத்ததுதான் மிச்சம். வந்த பிள்ளைகள் பாணும் சம்பலும் தின்றார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் என்னவென்றால், அந்தப் பானைக்குள் போன பொருட்களிலேயே விலை குறைந்தது மாதான். அதைக் கவனிக்காமல் விட்டதற்கு நண்டும் இறாலும் போயிற்று.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எட்டுப் பேருக்குக் கால் கிலோ மா காணும். அதை அகன்ற சட்டியில் போட்டு, மாவைப் போல நாலைந்து மடங்கு பச்சைத்தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து அப்படியே வைத்துவிடுங்கள். மா அடியில் படியும், மேலே மங்கலான மஞ்சள் தண்ணீர் தெளியும். அந்தத் தண்ணீரைச் சட்டியைச் சரித்து மெதுவாக வடியுங்கள். திரும்பவும் புதுத் தண்ணீர். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும். இடையில் இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்ற வேண்டும். இதிலும் அவசரம் கூடாது: படிய முன்னர் சரித்தால் மாவும் சேர்ந்து போய்விடும், பிறகு கூழ் தடிக்கவில்லை என்று முறைப்பாடு வரும். வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். வன்னி வெக்கைக்கு விடிய மா புளித்துக் கிடக்கும்.

ஊறியது காணுமா என்று சந்தேகமாக இருந்தால் பானையை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். சின்னக் கிண்ணச் சட்டியில் ஒரு அகப்பை சாறு எடுத்து, ஒரு கரண்டி மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்துப் பாருங்கள். கைத்தால் இன்னொரு தண்ணீர். இதற்கு ஐந்து நிமிடம் போகுமா?

பொதி மா என்றாலும், வீட்டில் இடித்த மா என்றாலும் இதே கதைதான். மாரியில் ஈரம் குடித்து, பூஞ்சண மணம் வரும் மா வேறு விஷயம். அதை ஊறவைத்துத் திருத்த முடியாது, எறிந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது

பிலாக்கொட்டையும் ஒரு பிடி அரிசியும் முதலில். பூநகரி மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் விடாதீர்கள். சிவப்பரிசி குழைந்து வரும் ருசி வேறு. அவை அரைவாசி வெந்ததும் பயற்றங்காய், மரவள்ளி, அதற்குப் பிறகு நண்டு, மீன் தலை. இறாலும் கணவாயும் கடைசிக்குச் சற்று முன்னர் போனால் போதும். கணவாயை முதலிலேயே போட்டுவிட்டு, றப்பர் மாதிரி இருக்கிறது என்று மீன்காரனை ஏசுவது நியாயமில்லை.

மரவள்ளியை மூடி அவிப்பது

உள்தோலும் போகச் சீவுங்கள். பானையைத் திறந்தே அவியுங்கள். கைக்கும் கிழங்கென்றால் சேர்க்கவே வேண்டாம்.

குளத்து மீனைக் கடல் மீன் மாதிரி நடத்துவது

நெடுங்கேணி, மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் மீன் எல்லா நாளும் வாய்க்காது. முத்தையன்கட்டிலோ இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ பிடித்த மீன்தான் கைக்கு வரும். அதில் கூழ் காய்ச்சலாமா என்று கேட்டால், தாராளமாக. யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் இரண்டு விஷயம். சேற்று மணம் போக உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு உரசிக் கழுவ வேண்டும். மற்றது முள். திலாப்பியாவை நேரே பானைக்குள் போட்டால் சதை கரைந்துபோகும், முள் மட்டும் கூழுக்குள் ஒளிந்திருக்கும். கூழைக் கடிக்காமல் விழுங்குகிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். சின்னப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மீனைத் தனியே அவித்து, முள்ளைக் கழித்து, சதையையும் வடித்த சாறையும் மட்டும் சேருங்கள். விரால் கிடைத்தால் இந்தக் கரைச்சல் குறைவு.

கருவாடு போடுகிறவர்கள், பானையை இறக்கும் நேரம் உப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

மா விட்ட பிறகு அகப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போவது

அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த மணம் பானை முழுக்கப் போகும். விறகை இழுத்து நெருப்பைக் குறைத்துவிட்டு, ஒரு கையால் ஊற்ற மறு கையால் துழாவுங்கள். மாவும் அரைத்த மிளகாய் மஞ்சளும் புளிக்கரைசலும் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள்.

அடுப்பிலேயே தடிக்க விடுவது

சூடாக இருக்கும்போது சரியான தடிப்பாகத் தெரிந்தால், கோப்பைக்கு வரும்போது களிதான். தண்ணியாக இருக்கிறதே என்று நீங்கள் பயப்படும் பதத்தில் முருங்கையிலையைப் போட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள். பக்கத்தில் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் வைத்திருந்தால், பிந்தி வருபவர்களுக்கு இளக்கிக் கொடுக்கலாம். பச்சைத்தண்ணீர் ஊற்றி இளக்க வேண்டாம்.

பிலாவிலை

கூழ் குடிக்கப் பிலாவிலையை (பலா இலையை) ஈர்க்கு குத்திக் கோலி வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் முதலே கொடுத்துவிடுங்கள். கூழ் இறக்கிய பிறகு மரம் தேடி ஓடக்கூடாது.

மிச்சம்

நண்டும் இறாலும் போட்ட கூழை வெளியே வைத்து விடிய சூடாக்கிக் குடிப்பது வேண்டாம். பக்கத்து வீட்டுக்குச் சுடச்சுடக் கொடுத்தனுப்புங்கள்.